கிரின்னல் ஊரின் பழைய வங்கிக் கட்டடத்துக்கு ஏன் இவ்வளவு பெயர்?

கேள்வி நியாயமானதுதான். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், சோள வயல்களுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர் கிரின்னல். அங்கே 1914இல் கட்டிய மெர்ச்சன்ட்ஸ் நேஷனல் வங்கியைப் பார்க்க இன்றும் வெளியூர்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

காரணம், அதை வடிவமைத்த லூயிஸ் சலிவன். சிகாகோவில் வானுயர்ந்த கட்டடங்களால் புகழ்பெற்றவர். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் ஃப்ராங்க் லாயிட் ரைட்டுக்கு இவர்தான் குரு. கடைசிக் காலத்தில் சலிவனுக்குப் பெரிய வேலைகள் குறைந்துபோக, சிற்றூர் வங்கிகளைக் கட்டிக்கொடுத்தார். அவற்றை 'நகைப்பெட்டிகள்' என்பார்கள்.

அந்தக் காலத்து வங்கி என்றால் கிரேக்கக் கோயில் போலத் தூண்கள் நிற்கும். சலிவனுக்கு அது ஆகாது. இங்கே வெறும் செங்கல் பெட்டிதான். கிட்டப் போய்ப் பாருங்கள், ஒவ்வொரு கல்லும் நிறத்தில் கொஞ்சம் மாறும். வாசலுக்கு மேலே பெரிய வட்டக் கண்ணாடி ஜன்னல். அதைச் சுற்றி வட்டமும் சதுரமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிய சுடுமண் வேலைப்பாடு. ஏறக்குறைய மொத்த அலங்காரத்தையும் அந்த ஓர் இடத்திலேயே கொட்டிவிட்டார்! வாசலின் இருபுறமும் இறக்கை முளைத்த தங்க நிறச் சிங்கங்கள் வேறு.

1976இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமானது. சலிவன் மட்டும் 1924இல் கையில் காசில்லாமல் இறந்துபோனார்.