கேஷ் போட்டீங்களா? இந்த நாலு கேள்வியையும் பாத்துடுங்க (பைத்தான்)

கே: ஃபிபனாச்சி ஃபங்ஷனுக்கு (தன்னையே கூப்பிட்டு முந்தின ரெண்டு எண்ணக் கூட்டுறது) எல்ஆர்யு_கேஷ் (lru_cache, ஒரு தடவ போட்ட கணக்கோட பதில ஞாபகம் வச்சு திருப்பிக் குடுக்குறது) போட்டேன், கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள பதில் வந்துடுச்சு. எப்படிங்க?

ப: 5 குடுத்து ஒரு பேப்பர்ல கிளை கிளையா வரைஞ்சு பாருங்க. 3-க்கான கணக்கு ரெண்டு தடவ வரும், 2-க்கானது மூணு தடவ. 30 குடுத்தா மொத்தம் 26,92,537 தடவ அந்த ஃபங்ஷன் ஓடும். கேஷ் இருந்தா 0-ல இருந்து 30 வரைக்கும் ஆளுக்கு ஒரு தடவ, 31 தான். இதுக்கு மெமோ ஃபங்ஷன்னு 1968-லயே பேர் வச்சவர் டொனால்ட் மிக்கி.

கே: லிஸ்ட் அனுப்புனா எரர் அடிக்குது.

ப: அனுப்புற மதிப்பத்தான் அது டிக்‌ஷனரி கீயா வைக்குது, லிஸ்ட்ட கீயா வைக்க முடியாது. டியூப்பிளா (லிஸ்ட் மாதிரி தான், ஆனா மாத்த முடியாது) மாத்தி அனுப்புங்க.

கே: மொத தடவ சரியா வருது, அப்புறம் தப்பான பதில் வருது. கேஷ்ல பக் (கோளாறு) இருக்கா?

ப: பக் இல்லங்க. நானே இதுல ரெண்டு நாள் மண்டைய ஒடச்சிருக்கேன். மாச விற்பனைய லிஸ்ட்டா குடுக்குற ஒரு ஃபங்ஷன், அத வாங்குன இன்னொரு இடத்துல கடைசியில மொத்தத்த அப்பெண்ட் பண்ணிட்டாங்க, கேஷ்ல இருக்கறதும் அதே லிஸ்ட் தான், காப்பி இல்ல, அதனால அடுத்து கேட்டவங்களுக்கு 12 மாசத்துக்குப் பதிலா 13 வரிசை போச்சு, கூட்டினா ரெட்டிப்பு. எரர் எதுவும் வராது, அதான் கொடுமை. டியூப்பிளா திருப்பிக் குடுங்க, யாரும் கை வைக்க முடியாது. அதே மாதிரி டேட்டாபேஸ்ல இருந்து எடுக்குற, நேரத்துக்கு நேரம் மாறுற விஷயத்துக்கு இத அப்படியே போடவே போடாதீங்க, தயவுசெஞ்சு. இதுக்குக் காலாவதின்னு ஒண்ணு கிடையாது, நீங்களா கேஷ்_கிளியர் கூப்புடணும். டேட்டாபேஸ்ல ஒரு பொருளோட விலை மாறினாலும், கேஷ்ல இருக்கற வரைக்கும் பழைய விலையே தான் வரும்.

கே: மேக்ஸ்சைஸ் (எத்தன பதில் வரைக்கும் வச்சுக்கணும்ங்கற அளவு) எவ்ளோ வைக்கலாம்?

ப: சும்மா விட்டா 128, அது நெறஞ்சா ரொம்ப நேரமா கேக்காத பதில் வெளிய போகும். 200 விதமான மதிப்பு வரிசையா திரும்பத் திரும்ப வந்தா, ஒவ்வொண்ணும் தேவைப்படுறதுக்குள்ள வெளிய போயிடும், ஒரு தடவ கூட ஹிட் ஆகாது (கேஷ்ல பதில் கிடைக்காது), போட்டும் போடாத மாதிரி தான். மேக்ஸ்சைஸுக்கு None குடுத்தா அளவே இல்ல, சர்வர்ல நாள் கணக்கா ஓடுற ப்ரோக்ராம்னா மெமரி ஏறிக்கிட்டே போகும். கேஷ்_இன்ஃபோ கூப்பிட்டு ஹிட்ஸ், மிஸ்ஸஸ் ரெண்டையும் பாருங்க, மிஸ்ஸஸ் தான் அதிகம்னா ஒண்ணு அளவ ஏத்துங்க, இல்ல கேஷையே எடுத்துடுங்க.