புது ஊர் சபையில் ஒட்ட முடியவில்லை, என்ன செய்வது?

சகோதரி, கல்யாணமாகி தூத்துக்குடியிலிருந்து கருங்கல் பக்கம் வந்ததாகவும், சபையில் யாரும் பேசாததால் ஆராதனையை போனிலேயே பார்ப்பதாகவும், இப்போது வேதம் வாசிப்பதும் நின்றுவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள்.

நம்ம குமரி மாவட்டத்துப் பெரிய சபைகளில் ஞாயிறு காலை மட்டும் போய் வந்தால் யாருக்கும் முகம் தெரியாது. அது உங்கள் குறை இல்லை. வாரநாளில் ஏரியாவாரியாக நடக்கும் வீட்டு ஜெபத்துக்குப் போங்கள். பாய் விரித்துப் பத்துப் பேர் உட்காருவார்கள். மழையில் ரப்பர் பால்வெட்டு நின்றுபோன வீடு, மகனுக்கு விசா வராத வீடு என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். அடுத்த வாரம் "விசா வந்துச்சா?" என்று நீங்களே கேட்பீர்கள். ஜெபம் அங்கேதான் திரும்பப் பிடிக்கும். போன் உங்களிடம் எதுவும் கேட்காது, வராவிட்டால் தேடவும் செய்யாது.

நம்ம மாவட்டத்து மயிலாடியையே பாருங்கள். 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே வருவதற்கு முன்பே, தஞ்சாவூர் போய்க் கிறிஸ்தவராகித் திரும்பிய அந்த ஊர்க்காரர் வேதமாணிக்கம் தன் சொந்தக்காரர்களைக் கூட்டி ஜெபித்துக்கொண்டிருந்தார். எபிரெயர் 10:24-25ஐயும் சேர்த்து வாசியுங்கள். கூடிவரச் சொல்வதே ஒருவரையொருவர் ஏவிவிடத்தான்.

வீட்டு ஜெபத்தில் "யார் மருமகள்?" விசாரணை கட்டாயம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) என்றால் பெண்கள் ஐக்கிய சங்கம், கத்தோலிக்கர் என்றால் அக்கம்பக்கத்து வீடுகள் கூடும் அன்பியம் இருக்கும். முதல் தடவை மாமியாரோடு போங்கள். அப்புறம் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கும் ஓய்வுநாள் பள்ளியில் ஒரு வகுப்பு கேட்டு வாங்குங்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவாவது சனிக்கிழமை வேதத்தைத் திறந்தாக வேண்டும்.