பலாப் பலகையும் பாதியில் நிற்கும் இயற்பியலும்

அன்புள்ள ஐயா,

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ் ஏறி வந்து மகனைப் பற்றி அரை மணி நேரம் பேசினீர்கள். அதில் பாதி, அவன் வீணாக்கிய பலாப் பலகையைப் பற்றித்தான். கதவு நிலைக்கு என்று பட்டறையில் எடுத்து வைத்ததை அறுத்துக் கிட்டார் செய்துவிட்டான். இப்போது இயற்பியல் படிப்பையும் இரண்டாம் ஆண்டோடு நிறுத்தப் போகிறானாம். கேட்டால், பிரிட்டனின் குயீன் ராக் இசைக்குழுவில் கிட்டார் வாசிக்கும் பிரையன் மேயும் படிப்பை விட்டவர்தான் என்கிறானாம்.

விட்டவர்தான். எதை விட்டார் என்பதைத்தான் தம்பி சொல்லவில்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 1968-இல் இயற்பியல் பட்டத்தை வாங்கிக்கொண்டு, பிறகு தொடங்கிய முனைவர் ஆய்வை 1974-இல் நிறுத்தினார். கோள்களுக்கிடையே மிதக்கும் தூசியைப் பற்றிய அந்த ஆய்வையும் 2007-இல் முடித்துக் கொடுத்தார். அதே குழுவின் ஜான் டீக்கன் மின்னணுவியல் பட்டதாரி; குப்பையில் கிடந்த சர்க்யூட் பலகையைக் கொண்டு அவர் செய்த ஆம்ப்ளிஃபயரின் ஒலி குயீன் இசைத்தட்டுகளில் இருக்கிறது.

மகன் ஆராய்ச்சியை விட்டதில் மேயின் தந்தைக்கும் மனத்தாங்கல்தான். ஆனால் 1963-இல் மகனோடு உட்கார்ந்து, மே வாசிக்கும் கிட்டாரை வீட்டிலேயே செய்யத் தொடங்கியவரும் அவரே. கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மரச்சட்டம், உள்ளே மோட்டார் சைக்கிள் வால்வின் ஸ்பிரிங், புள்ளி பதிக்க முத்துச்சிப்பிப் பொத்தான். 2002-இல் பக்கிங்ஹாம் அரண்மனைக் கூரைமேல் நின்று மே வாசித்தது அதைத்தான். பட்டறை வைத்திருக்கும் உங்களிடம் இதைச் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

பாட்டுக்காரனால் ஊருக்கு என்ன பயன் என்றும் கேட்டீர்கள். குயீன் பாடகர் ஃபிரெடி மெர்குரி, நம் மகாராஷ்டிரத்துப் பஞ்சகனியில் பள்ளிப்படிப்பு படித்தவர், 1991-இல் எய்ட்ஸ் நோயால் இறந்தார். அந்த நோயின் பெயரை வாய்விட்டுச் சொல்லவே ஜனங்கள் கூசிய காலம். மறு ஆண்டே குழுவின் மற்றவர்கள் லண்டன் வெம்ப்ளி அரங்கில் அஞ்சலி நிகழ்ச்சி நடத்தி, எய்ட்ஸ் ஒழிப்புக்கென அறக்கட்டளையும் தொடங்கினார்கள்.

தம்பி மூன்றாம் ஆண்டை முடிக்கட்டும். கேரளத்தின் புதிய நான்காண்டு முறையிலும் மூன்று ஆண்டில் பட்டத்தோடு வெளியே வரலாம். புனே திரைப்படக் கல்லூரியின் ஒலிப்பதிவுப் படிப்புக்குப் பட்டம் வேண்டும். இயற்பியல் படித்தவனுக்கு அங்கே ஒலியியல் மிரட்டாது. பாலக்காட்டுச் சித்தூர் அரசுக் கல்லூரியில் இசைத் துறை இருக்கிறது. கர்நாடக இசைதான், அவன் முகம் சுளிப்பான். சுருதிக்குப் பழகிய காது எந்த இசைக்கும் உதவும்.

போனில் காட்டிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இழைப்பு நன்றாக இருக்கிறது, உங்கள் கை தெரிகிறது. கழுத்தில் குறுக்கே பதிக்கும் கம்பிகளான மெட்டுகளைத்தான் கண்மதிப்பில் வைத்திருக்கிறான். பன்னிரண்டாவது மெட்டு தந்தியின் நீளத்தில் சரிபாதியில் விழ வேண்டும். கொஞ்சம் தள்ளினாலும் சுருதி சேராது. இன்று மாலை டேப்பை எடுத்து நீங்களே அளந்து பாருங்கள். மற்ற மெட்டுகளுக்கான கணக்கை அவன் போடட்டும்.