என் மாடல் விமானத்தின் 46 அளவு (0.46 கன அங்குல) நைட்ரோ எஞ்சினில் இழுவை போதவில்லை. எரிபொருளில் 15% நைட்ரோவிலிருந்து (நைட்ரோமீத்தேன்) 30%க்கு மாறலாமா?

மாறாதீர்கள். எரிபொருள் டேங்கைக் கழற்றிப் பார்க்கும்வரையாவது மாறாதீர்கள்.

தரையில் நன்றாகக் கத்துகிற எஞ்சின், மேலே போய் இரண்டு மூன்று நிமிடத்தில் தொய்கிறது. உங்கள் பிரச்சினையும் இதுதான் என்று நினைக்கிறேன். நான் இதோடு ஒரு வருடம் அல்லாடியிருக்கிறேன்.

நான்கு மாதம் உட்கார்ந்து பால்சா கட்டையில் நானே செய்த ட்ரெய்னர், அதாவது பழகுவதற்கான மாடல் விமானம். 46 எஞ்சின், 11க்கு 6 அங்குல ப்ராப் (ப்ரொப்பெல்லர்), 15% நைட்ரோ. கோவைக்கு வெளியே ஒரு தரிசு நிலத்தில் பறக்கவிடுவோம். டேங்க் நிறைய இருக்கும்போது 12,300 ஆர்பிஎம் காட்டும். பாதி டேங்க் தீர்ந்ததும் சத்தம் மெலிந்து, சூடேறி, தொய்ந்துவிடும். அனுபவசாலி ஒருவர் "நைட்ரோவை ஏத்துங்க" என்றார். ஏற்றினேன். பணம் போனது, எரிபொருளைப் பற்றவைக்கும் க்ளோ பிளக் இரண்டு எரிந்தன, தொய்வு அப்படியே இருந்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தென்னந்தோப்புக்கு மேலே எஞ்சின் அணைந்தது. இடது இறக்கை ஒடிந்து கையில் வந்தது.

பழுது பார்க்கும்போதுதான் டேங்கைத் திறந்தேன். உள்ளே கிளங்க் குண்டுக்கு (குழாய் முனையை எரிபொருளில் அமிழ்த்தி வைக்கும் எடை) போகும் சிலிகான் குழாயில், பித்தளைக் குழாயின் முனை உரசிய இடத்தில் மயிரிழை போல ஒரு கீறல். பித்தளையை வெட்டியவன் நான்தான், பிசிரைத் தேய்க்காமல் விட்டிருக்கிறேன். எரிபொருள் நிறைய இருக்கும்போது கீறல் மூழ்கியிருக்கும். மட்டம் இறங்கியதும் அது காற்றை உறிஞ்ச ஆரம்பிக்கும், எஞ்சின் லீனாகிவிடும், அதாவது காற்று கூடி எரிபொருள் குறைந்துவிடும். புதுக் குழாய் போட்டு, பிசிரை உப்புத்தாளில் தேய்த்தேன். அடுத்த வாரம் அதே பழைய 15%ல் டேங்க் தீரும்வரை ஒரே சீராக ஓடியது.

நைட்ரோவால் சக்தி அதிகரிக்காது என்று நான் சொல்லவில்லை, அதற்காகச் சண்டைக்கு வர வேண்டாம். நைட்ரோமீத்தேனிடம் சொந்தமாகவே ஆக்சிஜன் இருப்பதால், அதே அளவு காற்றில் கூடுதல் எரிபொருளை எரிக்கலாம். ஆனால் 15%க்கு அமைத்த எஞ்சினில் 30% ஊற்றினால் எரிதல் முன்கூட்டியே தொடங்கிவிடும். எஞ்சின் ஹெட்டுக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகடு) சேர்த்து கம்ப்ரஷனைக் குறைக்க வேண்டிவரும். எஃப்2ஏ என்ற மாடல் விமான வேகப் போட்டியில் எரிபொருள் 80% மெத்தனால், 20% ஆமணக்கெண்ணெய் மட்டும்தான். நைட்ரோ ஒரு துளிகூடக் கிடையாது. வெறும் 2.5 சிசி எஞ்சினோடு அந்த விமானங்கள் மணிக்கு 290 கிமீயைத் தாண்டுகின்றன.

சரி, டேங்க் நன்றாக இருந்தால் எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் நீடிலுக்கு வாருங்கள். ப்ராப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு, முழு த்ராட்டிலில் உச்ச ஆர்பிஎம் பிடித்து, அங்கிருந்து 300 குறையும்வரை ரிச் பக்கம், அதாவது எரிபொருள் கூடுகிற பக்கம், திறங்கள். மூக்கை மேலே தூக்கி எரிபொருள் குழாயை ஒரு நொடி கிள்ளுங்கள். வேகம் லேசாக ஏறினால் சரி. ஏறாமல் நேரே விழுந்தால் லீன், இன்னும் திறக்க வேண்டும். டேங்கின் நடுமட்டம் நீடிலுக்கு நேராகவோ சற்றுக் கீழேயோ இருக்கட்டும். எஞ்சின் பின்மூடியின் கேஸ்கட்டில் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் எரிபொருளுக்கு அடிப்படையான மெத்தனால் வாங்கப் போனால் கடைக்காரர்கள் நம்மைக் கள்ளச்சாராயக்காரனைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தால் 60 பேருக்கு மேல் செத்திருக்கிறார்கள், கட்டுப்பாடு வேண்டும்தான். நானும் எரிபொருளைப் பூட்டித்தான் வைக்கிறேன், தண்ணீர் பாட்டிலில் ஒருநாளும் ஊற்றியதில்லை. ஆனால் எதற்கு என்று கேட்டுவிட்டு, பதிலைக் காதில் வாங்காமலே முகத்தைத் திருப்பிக்கொள்வது மனதை அறுக்கிறது. முறையாக வாங்க நினைப்பவன் எங்கே போவான்?

டேங்கைத் திறந்ததும் அந்தக் குழாயை விரலில் சுற்றி வளைத்துப் பாருங்கள். நேராக வைத்துப் பார்த்தால் கீறல் கண்ணில் படாது. நான் முதல் தடவை அப்படித்தான் தவறவிட்டேன்.