ரிசப்ஷன் தொடங்குமுன் ஃபோனிக்ஸ் விளையாட்டுகள்: எதை வைத்துக்கொள்வது, எதை நீக்குவது

சகோதரி, உங்கள் கேள்வி இது: இங்கிலாந்து வந்து இரண்டு மாதம் ஆகிறது. மகளுக்கு மூன்றே முக்கால் வயது, செப்டம்பரில் ரிசப்ஷன் வகுப்பு (இங்கே முதல் வகுப்புக்கு முந்தைய, பள்ளியின் தொடக்க ஆண்டு). ஊரில் எல்கேஜியில் பெரிய எழுத்துகளை எழுதப் பழகியவள், ஏபிசிடி பாட்டு முழுக்கப் பாடுவாள். நர்சரியில் "ஃபோனிக்ஸ் கேம் விளையாடட்டும்" என்றார்கள். டேப்லெட்டில் ஏழெட்டு இறக்கியும் தட்டிக்கொண்டே இருக்கிறாளே தவிர ஒன்றும் மனதில் ஒட்டவில்லை. எது நல்லது, காசு கட்டலாமா, வீட்டில் தமிழ் பேசுவது அவளைக் குழப்புமா?

ஏழெட்டு வேண்டாம், இரண்டு போதும். அந்த இரண்டையும் படத்தையும் வண்ணத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், காதால் கேட்டுத் தேர்ந்தெடுங்கள்.

இங்குள்ள பள்ளிகள் எழுத்தின் பெயரில் தொடங்குவதில்லை, ஒலியில் தொடங்குகின்றன. இதைத்தான் ஃபோனிக்ஸ் என்கிறார்கள். "எஸ்" என்பது பெயர், "ஸ்ஸ்ஸ்" என்பது ஒலி. எஸ், ஏ, டி என்று பெயர்களை எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் "ஸாட்" என்ற சொல் பிறக்காது. ஒலிகளைச் சேர்த்தால்தான் பிறக்கும். ஏபிசிடி பாட்டு பாடத் தெரிவது கெடுதல் இல்லை, ஆனால் வாசிப்புக்கு அது அடிப்படையும் இல்லை. பெயரை மட்டும் சொல்லும் விளையாட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் அவளுக்கு இப்போது பயன்படாது.

அடுத்தது, ஒலி சுத்தமாக இருக்கிறதா என்பது. இதில் தமிழ் பேசும் பெற்றோருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. மெய்யைத் தனியாக உச்சரிக்கும் பழக்கம் நமக்கு இல்லை. முன்னால் இகரம் சேர்த்து "இம்" என்போம், அல்லது பின்னால் அகரம் சேர்த்து "ம" என்போம். அதே பழக்கத்தில் குழந்தைக்கு "ஸ, அ, ட" என்று சொல்லிக்கொடுத்தால் அவள் "ஸஅட" என்றுதான் சேர்ப்பாள். ம்ம்ம், ஸ்ஸ்ஸ், ஃப்ஃப்ஃப், ன்ன்ன், ல்ல்ல் ஆகியவற்றை மூச்சு உள்ளவரை நீட்டலாம், அப்படியே நீட்டிச் சொல்லுங்கள். க், ப், ட் போன்றவை நீளாது. குரல் கொடுக்காமல் கிசுகிசுப்பது போல வெட்டிச் சொல்ல வேண்டும். மலிவான செயலிகள் பலவற்றில் இதே அகரப் பிழை இருக்கிறது.

ஒரு செயலியை இரண்டு நிமிடத்தில் சோதித்துவிடலாம். "ஐ" எழுத்தைத் திறந்து பாருங்கள். படம் ஐஸ்கிரீம் என்றால் தவறு, பூச்சியைக் குறிக்கும் "இன்செக்ட்" அல்லது மை என்றால் சரி. "ஜி" எழுத்துக்கு ஒட்டகச்சிவிங்கி வந்தால் தவறு, வெள்ளாடு வந்தால் சரி. "எக்ஸ்" எழுத்துக்குச் சைலஃபோன் காட்டினால் மூடிவிடுங்கள். அந்தச் சொல்லில் அது "ஸெட்" (z) எழுத்தின் ஒலியைத் தருகிறது. ஃபாக்ஸ், பாக்ஸ் போலக் கடைசியில் வரும் சொல்லைக் காட்டுவதே முறை. பிறகு வேண்டுமென்றே தவறான விடையைத் தட்டிப் பாருங்கள். தவறுக்குப் பூதம் குதித்துச் சிரித்து, சரிக்கு வெறும் மணி அடித்தால், குழந்தை தவறையே தேடித் தட்டும். உங்கள் மகள் தட்டிக்கொண்டே இருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொரு காரணம், மூன்று விடைகளில் ஒன்றைக் கேட்கும் விளையாட்டில் கண்ணை மூடித் தட்டினாலும் மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும். தவறினால் நின்று, ஒலியைத் திரும்பச் சொல்லி, அதே எழுத்தைச் சற்றுப் பின்னால் மறுபடி கொண்டுவரும் விளையாட்டைத் தேடுங்கள்.

பெயர் சொல்லிக் கேட்டதால் சொல்கிறேன். "டீச் யுவர் மான்ஸ்டர் டு ரீட்" பிரிட்டனின் உஸ்போர்ன் அறக்கட்டளை உருவாக்கியது, இங்குள்ள ஃபோனிக்ஸ் முறையை ஒட்டியே அமைந்தது. ஒலிகளில் தொடங்கி, சொல் சேர்ப்பது, வாக்கியம் வாசிப்பது என மூன்று விளையாட்டுகளாகப் போகிறது. கணினியில் உலாவி வழியே இலவசம், டேப்லெட் செயலிக்குக் காசு. மடிக்கணினியின் டச்பேடு மூன்று வயது விரலுக்கு வராது. கணினியில் விளையாடுவதென்றால் சிறிய மவுஸ் ஒன்று வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் எழுத்து தெரிந்தும் அம்பைக் கொண்டுபோய் வைக்க முடியாமல் அழுவாள், அது எழுத்து தெரியாததாக நமக்குத் தோன்றும்.

இரண்டாவதாக, பிபிசியின் குழந்தைகள் பகுதியான சிபீபீஸ் தளத்தில் உள்ள "ஆல்ஃபாபிளாக்ஸ்" விளையாட்டுகள். 2010இல் தொடங்கிய தொடர் அது. ஒவ்வோர் எழுத்தும் ஒரு பாத்திரம், தன் ஒலியையே பேசும். எழுத்துகள் கைகோத்தால் சொல் உருவாகும். ஒலிகளை இணைத்துச் சொல்லாக்குவது என்ன என்பதை இவ்வளவு தெளிவாகக் கண்ணுக்குக் காட்டும் வேறொன்றைப் பரிந்துரைக்க என்னிடம் இல்லை. விளம்பரம் இல்லை, கட்டணம் இல்லை. தொடரை பிபிசியின் இணையக் காணொளித் தளமான ஐபிளேயரில் பார்க்க டிவி லைசென்ஸ் (வீட்டுக்கு ஆண்டுக் கட்டணம் கட்டிப் பெறும் உரிமம்) வேண்டும். விளையாட்டுகளுக்கு அது தேவையில்லை.

கான் அகாடமி கிட்ஸ், டுவோலிங்கோ ஏபிசி இரண்டும் இலவசம், நன்றாகவும் செய்திருக்கிறார்கள். ஆனால் அமெரிக்க உச்சரிப்பு. கடைசி எழுத்து இங்கே "ஸெட்", அங்கே "ஸீ". "ஹாட்", "டாக்" போன்ற சொற்களின் நடு உயிரொலியும் வேறு. இதில் பெரிய ஆபத்து இல்லை. முதல் சில மாதங்களுக்கு மட்டும், வகுப்பில் கேட்பதும் வீட்டில் கேட்பதும் ஒன்றாக இருப்பது நல்லது என்பது என் கருத்து.

இவ்வளவு இலவசமாகக் கிடைக்கும்போது மாதச் சந்தாவுக்கு அவசரம் இல்லை. "ஏழு நாள் இலவசம்" என்பதை நம்பிச் சேர்ந்தால், முடிவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்துவிடுங்கள். செயலியை அழித்தால் சந்தா அழியாது. போனின் சந்தாப் பக்கத்துக்குப் போய்த்தான் நிறுத்த வேண்டும்.

புதிதாக வந்தவர்களுக்கு வரும் ஒரு தடை: உங்கள் ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கு இன்னும் இந்தியாவில் பதிவாகியிருந்தால் இங்குள்ள சில செயலிகள் தேடலில் வராது. ஐபேடில் செட்டிங்ஸ் போய், உங்கள் பெயர், மீடியா அண்ட் பர்ச்சேஸஸ், வியூ அக்கவுண்ட், கன்ட்ரி ஆர் ரீஜன் என்று மாற்றலாம். கணக்கில் மீதிப் பணமோ ஓடிக்கொண்டிருக்கும் சந்தாவோ இருந்தால் மாற்ற விடாது. கூகுள் பிளேயில் மாற்றிய பிறகு ஓராண்டுக்குத் திரும்ப மாற்ற முடியாது. இந்திய வங்கிச் செயலிகளை அந்தக் கணக்கில் வைத்திருந்தால், குழந்தையின் டேப்லெட்டுக்குத் தனிக் கணக்கு தொடங்குவதே தொல்லை இல்லாதது.

டேப்லெட்டைக் கொடுக்குமுன் செயலிக்குள் பணம் செலுத்துவதை முடக்குங்கள். ஐபேடில் ஸ்கிரீன் டைம் பகுதியில் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வைக்கலாம். ஐபேடில் அக்சஸிபிலிட்டிக்குள் இருக்கும் கைடட் அக்சஸ் இயக்கினால், பொத்தானை மூன்று முறை அழுத்தியதும் அந்த ஒரு செயலியை விட்டு வெளியே போக முடியாது, நேர வரம்பும் வைக்கலாம். ஆண்ட்ராய்டில் ஆப் பின்னிங் அதே வேலையைச் செய்யும். அறிவிப்புகளை நிறுத்துங்கள். பாதி விளையாட்டில் தாத்தா பாட்டியின் வாட்ஸ்அப் அழைப்பு வந்தால் அன்றைய பாடம் அத்தோடு முடிந்தது.

ஒரு நாளுக்குப் பத்து நிமிடம், மிஞ்சினால் பதினைந்து. இந்த வயதில் உட்கார்ந்து திரை பார்க்கும் நேரம் நாளுக்கு ஒரு மணிக்கு மேல் போகக்கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். யூடியூபும் கார்ட்டூனும் அந்த ஒரு மணிக்குள்தான் அடங்க வேண்டும். பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் அவளுக்காக நீங்கள் தட்டாதீர்கள். விடைகளைப் பார்த்து நிலையைக் கூட்டும் விளையாட்டுகள் உங்கள் சரியான விடைகளை அவளுடையதாக எண்ணி அவளைத் தெரியாத இடத்துக்குக் கொண்டுபோய்விடும். அண்ணன் தம்பி ஒரே பெயரில் விளையாடினாலும் இதுவே நடக்கும், ஆளுக்கு ஒரு புரொஃபைல் வையுங்கள்.

டேப்லெட்டை மூடிய பிறகு வரும் ஐந்து நிமிடத்தைத்தான் நான் முக்கியம் என்பேன். காந்த எழுத்துகள் ஒரு பெட்டி வாங்குங்கள். கடையில் முதலில் கைக்கு வருவது பெரிய எழுத்துகளாக இருக்கும், சிறிய எழுத்துப் பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். இங்கே புத்தகமும் பாடமும் சிறிய எழுத்தில்தான் தொடங்கும். பெயரின் முதல் எழுத்து மட்டும் பெரியது. அவள் கோட்டு மாட்டும் கொக்கியில் பெயர் அப்படித்தான் ஒட்டியிருக்கும், அதை அடையாளம் காணப் பழக்குங்கள். ஃபிரிட்ஜ் கதவில் நான்கு எழுத்துகளை மட்டும் வைத்து, விளையாட்டில் கேட்ட ஒலியைச் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள். மறுநாள் காலை, விளையாடுமுன், ஓர் எழுத்தைக் காட்டி "இது என்ன சத்தம்?" என்று கேளுங்கள். சொன்னால் கற்றுக்கொண்டாள். திரையில் மட்டும் சரியாகத் தட்டி, கதவில் தெரியவில்லை என்றால், எழுத்தை அவள் படிக்கவில்லை. நிறத்தையோ இடத்தையோ நினைவில் வைத்திருக்கிறாள்.

ஒலிகளைச் சேர்ப்பதற்குத் தமிழே பெரிய உதவி. எழுத்தே இல்லாமல், சமையலறையில் நின்றபடி, "ப்... ஆ... ல் வேணுமா?" என்று கேளுங்கள். "க்... ஆ... ல் எங்கே?" என்று கேளுங்கள். அவள் பால், கால் என்று சேர்த்துச் சொல்லத் தொடங்கிவிட்டால், அந்தத் திறமை ஆங்கிலத்துக்கும் அப்படியே பயன்படும். வீட்டில் தமிழ் பேசுவது குழப்புமா என்று கேட்டீர்களே, குழப்பாது. நீங்கள் திணறிப் பேசும் ஆங்கிலத்தைவிடச் சரளமாகப் பேசும் தமிழில்தான் அவளுக்குச் சொல்வளம் சேரும். ஆங்கில ஒலியை விளையாட்டும் பள்ளியும் கொடுக்கட்டும், பேச்சை நீங்கள் கொடுங்கள். தமிழ் எழுத்தை மட்டும், ஆங்கிலத்தில் மூன்றெழுத்துச் சொற்களைச் சேர்த்து வாசிக்க வந்த பிறகு தொடங்கலாம் என்பேன்.

தமிழ் காதுக்குக் கவனம் தேவைப்படும் இடங்களும் உண்டு. துணியில் குத்தும் பின்னும் (pin), குப்பை போடும் பின்னும் (bin) தமிழில் எழுதினால் ஒன்றுதான். ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து, இரண்டு ஒலி. "வேன்" என்பதிலும் "விண்டோ" என்பதிலும் முதல் எழுத்து வேறு: முன்னதற்கு மேல்பல் உதட்டைத் தொடும், பின்னதற்கு உதடு குவியும். கண்ணாடி முன் நின்று காட்டுங்கள். டேப்லெட்டின் சின்ன ஒலிபெருக்கியில் ஸ், ஃப், த் எல்லாம் ஒரே சீறலாகக் கேட்கலாம். குழந்தைகளுக்கான, ஒலி அளவு கட்டுப்படுத்திய ஹெட்போன் அந்த நேரத்துக்கு உதவும்.

விரலால் எழுத்தைத் தடவி வரையும் விளையாட்டில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. எங்கிருந்து தொடங்கினாலும் சரி என்று ஏற்கும் செயலிகள் இருக்கின்றன. கீழிருந்து மேலாகச் சுழிக்கப் பழகிவிட்டால் பள்ளியில் மாற்றுவது கடினம். ஏ, சி, டி, ஜி, ஓ, க்யூ (a, c, d, g, o, q) ஆகியவற்றின் சிறிய வடிவங்கள் எல்லாம் மேலே வலப்பக்கத்தில் தொடங்கி இடப்பக்கமாகச் சுழல்பவை. தொடக்கப் புள்ளியைக் கட்டாயப்படுத்தாத செயலியை நீக்கிவிடுங்கள். வயிறு வலப்பக்கம் உள்ள "பி"யும் (b) இடப்பக்கம் உள்ள "டி"யும் (d) மாறிப்போவது இந்த வயதில் இயல்பு. இரண்டையும் ஒரே வாரத்தில் சொல்லிக்கொடுக்காமல் இருந்தாலே பாதித் தொல்லை தீரும்.

எந்த எழுத்தில் தொடங்குவது? அகரவரிசையில் இல்லை. பள்ளிகள் பின்பற்றும் ஃபோனிக்ஸ் முறைகளில் ஒன்றான "லிட்டில் வாண்டில்" எஸ், ஏ, டி, பி, ஐ, என் (s, a, t, p, i, n) என்று தொடங்கும். ஸாட், டாப், பின், டின் என்று உடனே சொற்கள் கிடைக்கும் என்பதற்காகவே இந்த வரிசை. "ரீட் ரைட் இங்க்" முறை எம், ஏ, எஸ், டி (m, a, s, d) என்று வேறு விதமாகப் போகும். இடம் கிடைத்த பள்ளிக்கு ஜூன், ஜூலையில் அறிமுக நாளில் போகும்போது "உங்கள் ஃபோனிக்ஸ் முறை என்ன?" என்று கேட்டு, அந்த வரிசைக்கு மாறிக்கொள்ளுங்கள். (விண்ணப்பத்தின் கடைசி நாள் ஜனவரி 15. அது தாண்டியபின் வந்திருந்தால் கவுன்சிலில் (உள்ளூர் நிர்வாகத்தில்) தாமத விண்ணப்பம் இன்றே போடுங்கள்.)

எழுத்து தெரியாமல் ரிசப்ஷன் போனாலும் குறை இல்லை. அந்த ஆண்டின் முடிவில்தான் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் ஒலி, ஈரெழுத்துக் கூட்டுகளில் குறைந்தது பத்து என்பதை எதிர்பார்க்கிறார்கள். அதற்கு அடுத்த ஆண்டு, முதல் வகுப்பின் ஜூன் மாதத்தில் ஃபோனிக்ஸ் சோதனை: நாற்பது சொற்கள், அவற்றில் இருபது பொருளே இல்லாத கற்பனைச் சொற்கள், பக்கத்தில் ஒரு விநோத உயிரினத்தின் படத்தோடு. சொல்லின் உருவத்தை மனப்பாடம் செய்த குழந்தை அங்கே நின்றுவிடும். சொல்லட்டையைப் பார்த்ததும் சொல்ல வைக்கும் விளையாட்டுகளை இப்போதைக்கு நான் ஒதுக்கச் சொல்வது அதனால்தான்.

பல வாரம் இப்படிச் செய்தும் பின் (pin), பின் (bin) வேறுபாடு காதில் விழவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டுகிறாள் என்றால், விளையாட்டை மாற்றிப் பயனில்லை. காதின் நடுப்பகுதியில் நீர் தேங்குவது இந்த வயதில் சாதாரணம், சளி பிடிக்கும் குளிர்காலத்தில் இன்னும் அதிகம். உங்கள் ஜிபியிடமோ (குடும்ப மருத்துவர்) ஹெல்த் விசிட்டரிடமோ (சிறு குழந்தைகளைக் கவனிக்கும் செவிலியர்) சொல்லி, செவித்திறன் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸில் அதற்குக் கட்டணம் இல்லை.