கலியாண வீட்டுக்குப் போங்கள், கறந்துவிட்டுப் போங்கள்

கேள்வி: எனக்கு 26 வயது. வீட்டில் இரண்டு கறவை மாடுகள் நிற்கின்றன. பால் சேகரிப்பு நிலையத்துக்கு நாளுக்கு ஆறு லீற்றர் கொடுக்கிறேன். போன மாதம் கலியாண வீடு, கிரிக்கெட் என்று ஒன்பது நாள் போகவில்லை. இந்தச் சின்ன வேலையில் மனம் நிற்குதில்லை. கடன் எடுத்து இருபது மாட்டோடு பண்ணை தொடங்கினால் உற்சாகம் வரும் என்று நினைக்கிறேன். சரியா?
– ஒரு வாசகர், விசுவமடு

பதில்: தம்பி, கடன் இப்போது வேண்டாம்.

ஒன்பது நாளில் 54 லீற்றர் நிலையத்துக்குப் போகவில்லை. அந்த நாட்களில் மாட்டை யார் கறந்தது என்று நீங்கள் எழுதவில்லை. அம்மாவாகத்தான் இருக்கும். இருபது மாட்டையும் அவரே கறப்பாரா?

பழகிய நேரத்துக்குக் கன்றை அவிழ்த்துவிட்டால் பசு சுரக்கும். கறக்காமல் மடியில் பால் தேங்கினால் சுரப்புக் குறையும், மடிநோயும் வரும். அடிக்கடி இப்படி நடந்தால் பால் சீக்கிரமே வற்றிவிடும். உங்களுக்கு உற்சாகம் வரும்வரை மாடு காத்திருக்காது. கடனும் அப்படித்தான். நுண்கடன் தவணைக்காரர் கிழமை தவறாமல் படலையில் வந்து நின்று எங்கள் பெண்களைப் படுத்திய பாட்டை நீங்களும் கண்டிருப்பீர்கள். வறட்சி மாவட்டங்களில் அந்தக் கடன்களில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசே அறிவிக்க வேண்டி வந்தது.

சின்ன வேலை என்கிறீர்கள். முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் ஒரு தங்கையை ஒருமுறை தள்ளி நின்று பார்த்தேன். முகக்கவசம், பாரமான அங்கி, உச்சி வெயில். முழங்காலில் இருந்தபடி, ஒரு மீற்றர் அகலப் பட்டியில் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறிக்கொண்டிருந்தார். காலையில் நட்ட குச்சியிலிருந்து மத்தியானம் வரை அவர் நகர்ந்தது என் இரண்டு எட்டுக்கூட இல்லை. இன்றைக்கு மனமில்லை என்று அவர் அரை மீற்றரைத் தாண்டிப் போனால், நாளைக்கு அதில் யாரோ மண்வெட்டி போடுவார்கள். 2009இற்குப் பிறகு வன்னிக் காணிகள் இப்படித்தான் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017இல் சேர்ந்தது. அகற்றி முடிக்க 2028 வரை தவணை. உங்கள் மாடு மேயும் தரையும் யாரோ முழங்காலில் நகர்ந்து தந்ததாக இருக்கலாம். அந்தத் தரையில் நின்றுகொண்டு ஆறு லீற்றரைச் சின்னது என்று சொல்லாதீர்கள்.

பண்ணை ஆசை தப்பில்லை. இருபது மாடு உங்களிடம் நிற்க வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். ஆனால் காய்ச்சல் நாளிலும், கார்த்திகை மழையில் ஒழுங்கை சேறாகிக் கிடக்கும் நாளிலும் காப்பாற்றக்கூடிய ஒரு வாக்கை முதலில் எடுங்கள். தொண்ணூறு நாள், இரண்டு மாடு, நிலையம் பூட்டுமுன் பால் அங்கே. அவ்வளவுதான். கலியாண வீட்டுக்குப் போங்கள், கறந்துவிட்டுப் போங்கள். முடியாத நாளுக்கு முதல்நாளே பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்கள். அம்மாவின் தலையில் கட்டாதீர்கள்.

ஒரு கொப்பி வாங்கி, ஒவ்வொரு நாளும் கொடுத்த லீற்றரை எழுதுங்கள். போகாத நாளுக்கு நேரே பூச்சியம் போடுங்கள், வெறுமையாக விடாதீர்கள். தொண்ணூறாம் நாள் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பூச்சியம் மூன்றுக்கு மேல் இல்லையென்றால், மூன்றாவது மாட்டைப் பற்றிப் பேசுவோம்.