வாசகர் கேள்வி: ஆப்ரிகாட் மரத்துக்கு யூரியா எவ்வளவு?

கேள்வி: லடாக்கின் கார்கில் பகுதியில் ஒரு குடும்பத்தாரின் ஆப்ரிகாட் தோட்டத்தைப் பார்த்தேன். கோதுமை வயலை ஒட்டிய மரங்கள் கரும்பச்சையாகத் தழைத்திருந்தும் பழம் சப்பென்று இருந்தது. மேட்டு மரங்களில் இலை வெளிறி, பழமும் சிறுத்திருந்தது. ஆனால் நல்ல இனிப்பு. வயலுக்கு இடும் யூரியாவே காரணம் என்றார் வீட்டுக்காரர். அது சரியா? – ஈரோடு வாசகர்

பதில்: பெரும்பாலும் சரிதான், எனினும் பழியில் ஒரு பங்கு தண்ணீருக்கும் உண்டு. வயலுக்குப் பாயும் நீரில் கரைந்து வரும் யூரியாவின் தழைச்சத்தும் (நைட்ரஜன்) அந்த நீரும் சேர்ந்தே வரப்போர மரத்தைச் சென்றடைகின்றன. எனவே எது எவ்வளவு செய்தது என்பதைப் பழத்தைச் சுவைத்து மட்டும் பிரித்துச் சொல்லிவிட முடியாது.

தழைச்சத்து மிகும்போது மரம் முதலில் நீண்ட தளிர்க்கிளைகளை விடுகிறது. அவை மேலே குடை விரிக்க, உள்ளேயும் கீழேயும் இருக்கும் காய்ப்புக் குறுங்கிளைகளுக்கு வெயில் கிடைப்பதில்லை. ஆப்ரிகாட்டில் அடுத்த ஆண்டு மலரவேண்டிய பூமொட்டுகள் இந்த ஆண்டின் கோடையிலேயே உருவாகத் தொடங்கிவிடுவதால், இவ்வாண்டு இட்ட மிகை உரத்தின் விளைவு மறு ஆண்டின் காய்ப்புக் குறைவாகவும் வெளிப்படும். உரத்துக்கும் விளைவுக்கும் இடையே இப்படி ஓராண்டு கடந்துவிடுவதால்தான் பலரும் காரணத்தை வேறெங்கோ தேடுகிறார்கள். இவ்வாண்டுப் பழத்தைப் பொறுத்தவரை, அது தாமதமாகப் பழுக்கும். நிறமும் இனிப்பும் குறையும். சதை இளகி, எளிதில் அடிபடும். கலிஃபோர்னியாவில் ஆப்ரிகாட்டின் நெருங்கிய உறவான நெக்டரின் மரங்களில் செய்யப்பட்டு 1995இல் வெளியான ஓர் ஆய்வு, மிகைத் தழைச்சத்து பழுப்பழுகல் நோய்க்கும் பூச்சித் தாக்குதலுக்கும் பழத்தை எளிதில் ஆளாக்குகிறது என்று காட்டியது.

லடாக்கில் விளைச்சலின் பெரும்பகுதியை வெயிலில் உலர்த்தி விற்கிறார்கள் என்பதால் இந்த இழப்பு அங்கே இன்னும் கூர்மையாகத் தெரியும். நீர்த்த பழம் பச்சையாக நிறுக்கும்போது எடை காட்டும். உலர்ந்தபின் அந்த எடை நிற்காது. 2022இல் புவிசார் குறியீடு பெற்ற ‘ரக்த்சே கர்ப்போ’ என்ற லடாக்கின் ஆப்ரிகாட் இனத்தின் பெருமையே அதன் இனிப்புதான். அத்தகைய மரத்துக்கு மூட்டை மூட்டையாக யூரியா இடுவது வீண் செலவு மட்டுமன்று, கேடும்கூட.

அதற்காக மேட்டு மரங்களே முன்மாதிரி என்றும் கொள்ளவேண்டாம். வெளிறிய இலை, குட்டையான தளிர், சிறுத்த பழம் ஆகியவை பசித்த மரத்தின் அடையாளங்கள். அம்மரம் சில ஆண்டுகளில் காய்ப்பையே குறைத்துக்கொள்ளும். நடுவழியை அறிய இலைப் பகுப்பாய்வு உதவும். கலிஃபோர்னியாவில் பின்பற்றப்படும் அளவுகோலின்படி, கோடை நடுவில் பறித்த இலையின் உலர் எடையில் தழைச்சத்து 2.0 முதல் 2.5 விழுக்காடு வரை இருந்தால் புதிய பழமாக விற்கும் மரத்துக்குப் போதும். டப்பாவில் அடைக்கும் பழத்துக்கு 2.5 முதல் 3.0 வரை போகலாம். ஒரே மரத்துக்கு, விற்கும் சந்தையைப் பொறுத்து இரண்டு அளவுகள் இருப்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: யூரியா மண்ணைப் புளிக்க வைத்துவிடும், நாளடைவில் கொன்றுவிடும் என்கிறார்களே? – மதுரை வாசகர்

பதில்: முதல் பாதி இடத்தைப் பொறுத்தது, இரண்டாம் பாதி மிகைப்படுத்தல். யூரியா மண்ணில் அம்மோனியமாக மாறுகிறது. அதை நுண்ணுயிரிகள் நைட்ரேட்டாக்கும்போது அமிலம் வெளிப்படுகிறது. அதே அளவு தழைச்சத்துக்கு அம்மோனியம் சல்பேட்டு இதைவிட இரண்டு மூன்று மடங்கு அமிலம் தரும். கால்சியம் நைட்ரேட்டு தராது. நீலகிரி போன்ற மழை மிகுந்த மலைமண்ணில் இது கவலைக்குரியது. லடாக்கின் மண்ணோ பெரும்பாலும் காரத்தன்மை உடையது. அதிலுள்ள சுண்ணாம்பு இந்த அமிலத்தை ஈடுகட்டிவிடும்.

அங்கே தொல்லை வேறு வகையில் வருகிறது. காரமண்ணின் மேல் தூவிய யூரியாவை உடனே மண்ணால் மூடவோ நீர்விட்டு உள்ளிறக்கவோ தவறினால், அதில் கணிசமான பங்கு அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். நீரை அளவுக்கு மீறிப் பாய்ச்சினால், மணல் மிகுந்த மண்ணில் நைட்ரேட்டு நிற்காமல் வேருக்குக் கீழே இறங்கி ஊற்றுநீரில் கலக்கும். குடிநீரில் நைட்ரேட்டு லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தரவரம்பு.

மண் மெலிவதற்கு யூரியா நேரடிக் காரணம் அன்று. யூரியா வந்ததும் எருவை நிறுத்திவிடுவதுதான் காரணம். லடாக்கியர் கால்நடைச் சாணத்தையும், உலர் கழிப்பறையில் மண் கலந்து மக்கிய எருவையும் காலங்காலமாக நிலத்துக்குச் சேர்த்து வந்தவர்கள். ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீட்டரே மழை பெறும் அந்த மணல் நிலத்தில் ஈரத்தைப் பிடித்துவைப்பது இந்த மக்குதான். மரத்தடியில் தீவனத்துக்காகக் குதிரைமசால் வளர்க்கும் வீடுகளில், அதன் வேர்முடிச்சுகள் காற்றிலிருந்து சேர்க்கும் தழைச்சத்தையும் கணக்கில் கொண்டு யூரியாவைக் குறைக்கவேண்டும்.

கேள்வி: அப்படியானால் எவ்வளவு, எப்போது இடுவது? – சேலம் வாசகர்

பதில்: ஒரு டன் ஆப்ரிகாட் பழம் தோட்டத்திலிருந்து ஏறத்தாழ 3 கிலோ தழைச்சத்தை எடுத்துச் செல்கிறது. யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து உள்ளது. ஆக, 50 கிலோ காய்க்கும் மரம் பழத்தின் வழியே இழப்பது சுமார் 150 கிராம் தழைச்சத்து. யூரியாவாகச் சொன்னால் முந்நூறு கிராமுக்குச் சற்றே மேல். கவாத்தில் போகும் கிளைக்கும் வழியில் வீணாவதற்கும் இதன்மேல் கொஞ்சம் கூட்டி, எருவிலிருந்து கிடைப்பதைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஏப்ரலில் பூக்கும்போது உறைபனி தாக்கிப் பூக்கள் கருகிய ஆண்டில், சுமக்கப் பழமே இல்லாத மரத்துக்கு வழக்கமான உரத்தை இட்டால் அது முழுவதும் கிளைக்கே போகும்.

ஆப்ரிகாட் இலை விடுவதற்கு முன்பே பூக்கிறது. அதற்கான தழைச்சத்தை முந்தைய ஆண்டே வேரிலும் தண்டிலும் சேமித்து வைத்திருக்கிறது. குளிர்ந்த மண்ணில் வேர் பெரிதாக எதையும் உறிஞ்சாது என்பதால் குளிர்காலத்தில் இடும் யூரியா வீண். பிஞ்சு பிடித்து இலை விரிந்தபின் பாதி, சில வாரங்கள் கழித்து மீதி என்று பிரித்து இடலாம். வெப்பமான நாடுகளில் அறுவடைக்குப் பின்பும் சிறிதளவு இடுவதுண்டு. லடாக்கில் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். பிந்திய தளிர்கள் முற்றுவதற்குள் குளிர் வந்து கருக்கிவிடும்.

கேள்வி: இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவுதானே? – தேனி வாசகர்

பதில்: எப்போதும் அன்று. முதிர்ந்த இலைகள் முதலில் சீராக மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறைவு. கொழுந்திலைகளில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு; சுண்ணாம்பு மண்ணில் கல்கொட்டைப் பழமரங்களுக்கு இது சாதாரணமாக வரும். யூரியா இட்டால் புதுக்கொழுந்துகள் பெருகி, உள்ள இரும்பும் போதாமல் போகும். வெறும் இரும்பு சல்பேட்டும் அம்மண்ணில் விரைவில் கட்டுண்டுவிடும் என்பதால், நீர்ப்பாய்ச்சலைக் குறைத்து, காரமண்ணிலும் கரைந்து நிற்கும் இ.டி.டி.எச்.ஏ. வகை இரும்புக் கிலேட்டை (இரும்பு மண்ணோடு கட்டுண்டுவிடாதபடி பிடித்துவைக்கும் சேர்மம்) வேர்ப்பகுதியில் இடவேண்டும்.